கடலின் தாளத்தைப் பிரித்துக் காட்டிய கெல்வின் பிரபு

அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் கடல் பொங்கும். அஷ்டமியை ஒட்டி அடங்கிக் கிடக்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால், அடுத்த ஆண்டு இதே தேதியில், இன்ன துறைமுகத்தில், தண்ணீர் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு உச்சிக்கு ஏறும்? எத்தனை அங்குலம் ஏறும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அனுபவம் மட்டும் போதாது. கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்குக்கு வழி காட்டியதோடு நில்லாமல், அதைத் தானே போட்டு முடிக்கும் யந்திரத்தையும் செய்து கொடுத்தார் ஒரு மேதை. சமுத்திரத்தின் அடியில் தந்தி ஓடுவதற்குத் துணை நின்றவரும் அவரே. உஷ்ணத்தை அளக்க விஞ்ஞானிகள் இன்று கையாளும் அளவுக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. இவ்வளவும் செய்தவர், பூமியின் வயதைக் கணிப்பதில் மட்டும் சறுக்கி விழுந்தார். அதுவும், மற்ற இடங்களில் வெற்றி தேடித் தந்த அதே கணிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே!

அவர்தான் கெல்வின் பிரபு. இயற்பெயர் வில்லியம் தாம்ஸன்.

பத்து வயதில் சர்வகலாசாலை

வில்லியம் தாம்ஸன் 1824-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்ஸன் ஒரு குடியானவரின் மகன். சொந்த முயற்சியால் படித்து, கணித ஆசிரியராக உயர்ந்தவர். வில்லியமுக்கு ஆறு வயது நடக்கும்போதே தாய் காலமானார். அதன் பிறகு குழந்தைகளுக்குத் தாயாகவும் ஆசானாகவும் இருந்து வளர்த்தவர் தந்தைதான்.

1832-ல் தந்தைக்கு ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. குடும்பம் அங்கே குடியேறியது. இரண்டு ஆண்டுகள் சென்றன. அதே சர்வகலாசாலையின் மாணவர் பட்டியலில் வில்லியமின் பெயரும் ஏறியது. அப்போது அவருக்கு வயது பத்து!

பதினைந்து நாளில் படித்த புத்தகம்

1840-ம் ஆண்டு. வில்லியமுக்குப் பதினாறு வயது நிறையும் தறுவாய். ஒரு பிரெஞ்சுப் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. உஷ்ணம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றி ஜோசப் ஃபூரியே என்ற கணித மேதை எழுதி, 1822-ல் வெளிவந்த நூல் அது. பெரியவர்களே திணறும் நூல். வில்லியம் அதைப் பதினைந்து நாட்களில் படித்து முடித்தார்.

அந்த நூலில் ஓர் அபூர்வமான கருத்து இருந்தது. எவ்வளவு கோணல்மாணலான கோடாக இருந்தாலும் சரி, அதைப் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பதே அது.

கல்யாண வீட்டில் நாதசுரம் ஒலிக்கிறது. ஒத்து ஒலிக்கிறது. தவிலும் தாளமும் முழங்குகின்றன. காற்றில் வருவது என்னவோ ஒரே ஓர் அதிர்ச்சிதான். ஆனாலும் பழகிய காது இது நாதசுரம், இது ஒத்து, இது தவில் என்று பிரித்து விடுகிறது. காது செய்யும் இந்த வேலையைக் காகிதத்தில் செய்யும் வழியை ஃபூரியே காட்டினார். எந்த அலை எத்தனை வேகத்தில் அடிக்கிறது, எவ்வளவு பலமாக அடிக்கிறது, எப்போது தொடங்குகிறது என்ற மூன்றும் கணக்கிலே வந்துவிடும்.

இந்தக் கருத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. எடின்பரோவில் பேராசிரியராக இருந்த கெல்லண்டு, ஃபூரியேயின் கணக்குகளில் பல பிழையானவை என்று எழுதினார். வில்லியம் பொறுக்கவில்லை. பிழை கெல்லண்டிடம்தான் இருக்கிறது என்று காட்டி ஒரு கட்டுரை தீட்டினார். மூன்று எழுத்துக்களைப் புனைபெயராகப் போட்டு, 1841-ல் கேம்பிரிட்ஜ் கணித சஞ்சிகையில் அது அச்சாயிற்று. பேராசிரியரை மறுத்து எழுதியவர் பதினாறு வயதுப் பையன் என்பதை வாசகர்கள் எப்படி அறிவார்கள்!

பின்பு கேம்பிரிட்ஜில் படித்து, 1845-ல் கணிதத் தேர்வில் இரண்டாவதாகத் தேறினார். படகுப் பந்தயத்திலும் பரிசு பெற்றார். பாரிஸுக்குச் சென்று சோதனைச்சாலை வேலை பழகினார். 1846-ல் கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். வயது இருபத்திரண்டு. அந்த நாற்காலியில் அவர் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அமர்ந்திருந்தார்.

கடலுக்கு அடியில் கரைந்த தந்தி

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் தந்திக் கம்பி போட வேண்டும் என்ற யோசனை பிறந்தது. கம்பியின் ஒரு முனையில் டக்கென்று தட்டினால் மறுமுனையில் அந்தத் தட்டு எப்படிப் போய்ச் சேரும்?

உஷ்ணம் ஓர் இரும்புக் கம்பியில் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய கணக்கே, மின்சாரம் கடலடிக் கம்பியில் பரவுவதற்கும் பொருந்தும் என்று 1854-ல் தாம்ஸன் கண்டார். வேகமாக அடிக்கும் அலைகள் வழியிலேயே மங்கிப் போகும். மெதுவாக அடிக்கும் அலைகளே கரை சேரும். ஆகவே, கூர்மையாகப் புறப்படும் தட்டு மழுங்கிப் போய்த்தான் சேரும். கம்பியின் நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும்.

கம்பெனியின் மின்சார நிபுணர் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. 1858 ஆகஸ்டு மாதம் கம்பி கரையேறியது. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய நூறு சொற்கள் கூட இல்லாத வாழ்த்துச் செய்தி போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது! வேகம் கூட்டுவதற்காக வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் மின்சாரத்தை ஏற்றினார். ஏற்கனவே பழுதாகியிருந்த கம்பி, சில வாரங்களிலேயே அடியோடு ஊமையாகிவிட்டது.

தாம்ஸன் வேறு வழியில் போனார். கூச்சல் போட்டு அனுப்புவதை விட, கூர்ந்து கேட்பதே மேல் என்பது அவர் கொள்கை. மிகச் சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றின் பின்னால் காந்தத்தை ஒட்டி நூலில் தொங்கவிட்டார். சிறிதளவு மின்சாரம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதன் மேல் பட்ட விளக்கொளி, எதிரே இருக்கும் அளவுகோலில் நகரும். 1866-ல் புதிய கம்பி வெற்றி பெற்றது. அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

பென்சில் வரைந்த கோடு

கடலோடு பழகியவருக்குக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பற்றிய சிந்தனை வந்ததில் வியப்பில்லை. 1867-ல் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் இதை ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. தாம்ஸன் அதன் உயிர்நாடியாக இருந்தார்.

அளக்கும் கருவி மிக எளியது. கடலோடு தொடர்புள்ள குழாய்க் கிணறு ஒன்றில் மிதவை மிதக்கும். மிதவையோடு இணைத்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தின் மேல் கோடு இழுக்கும். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும். தண்ணீர் வற்றினால் கோடு இறங்கும்.

அந்தக் கோட்டைப் பார்த்தால் தலை சுற்றும். இன்று பெரிய மேடு, நாளை சிறிய மேடு. ஒரே நாளில் காலை மேடு ஓர் உயரம், மாலை மேடு வேறு உயரம். சில பெரிய துறைமுகங்களுக்கு, சந்திரன் உச்சிக்கு வரும் நேரத்தை வைத்துத் தயாரித்த பழைய அட்டவணைகள் இருந்தன. காலை மேடும் மாலை மேடும் ஒத்துப் போகாத கடல்களில் அந்த முறை சரிவரவில்லை.

சந்திர சூரியர்களின் இழுப்பே கடல் பொங்கக் காரணம் என்று நியூட்டன் சொல்லியிருந்தார். லாப்லாஸ் அதற்கு விரிவான கணிதம் வகுத்திருந்தார். தாம்ஸன் செய்தது என்ன? கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு துண்டு போடவில்லை. முதலில் வானத்தைப் பார்த்து, எந்தெந்தத் தாளங்கள் அந்தக் கோட்டில் ஒளிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டார்.

சூரியனால் வரும் ஏற்றம் 12 மணிக்கு ஒரு முறை. சந்திரனால் வரும் ஏற்றம் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு முறை. சந்திரன் பூமியை நெருங்குவதாலும் விலகுவதாலும் பிறப்பது 12 மணி 39 நிமிஷத்துக்கு ஒரு முறை. சந்திர சூரியர்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கும் தெற்குமாகப் போய் வருவதால் நாளுக்கு ஒரு முறை அடிக்கும் தாளங்கள் வேறு. அவற்றில் ஒன்று 23 மணி 56 நிமிஷம், மற்றொன்று 25 மணி 49 நிமிஷம்.

இவை ஒவ்வொன்றும் இந்தத் துறைமுகத்தில் எவ்வளவு பலம், எவ்வளவு தாமதம்? அளந்த கோட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியது இவ்வளவுதான். வேகத்தை வானம் சொல்லும். பலத்தையும் தாமதத்தையும் கடல் சொல்லும்.

எத்தனை நாள் அளக்க வேண்டும்?

சூரியத் தாளத்துக்கும் சந்திரத் தாளத்துக்கும் வித்தியாசம் 25 நிமிஷம்தான். ஒரே ஒரு நாள் அளந்த கோட்டில் இரண்டும் பின்னிக் கிடக்கும். யாராலும் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து, பிரிந்து, மறுபடியும் சேர 14 நாள் 18 மணி ஆகும். சேரும்போது கடல் பொங்குவதுதான் அமாவாசை, பௌர்ணமி வெள்ளம். எதிரும் புதிருமாக நிற்கும்போது அடங்குவதுதான் அஷ்டமி. இந்த இரண்டையும் பிரித்தறிய அந்தப் பதினைந்து நாட்களாவது அளந்தாக வேண்டும். இன்னும் நெருங்கிய தாளங்கள் சில உண்டு. அவற்றைப் பிரிக்க அரை வருஷம் ஆகும்.

எவ்வளவு நாள் அளப்பது என்பதைப் போலவே, எத்தனை தடவை அளப்பது என்பதும் முக்கியம். தினமும் பகல் 12 மணிக்கு மட்டும் போய்த் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 12 மணிக்கு ஒரு முறை அடிக்கும் சூரியத் தாளம் அவர் கண்ணிலேயே படாது. சந்திரத் தாளமோ, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும் பொய்த் தாளமாகத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரிகிறதே, அதே ஏமாற்றம்தான். ஆகவேதான் மணிக்கொரு முறை குறித்தார்கள். ஒரு வருஷத்துக்கு 8,760 எண்கள்!

பட்டியலில் இல்லாத தாளங்களும் கோட்டில் தோன்றின. ஆழமில்லாத முகத்துவாரங்களில் 6 மணி 12 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு சிற்றலை தெரிந்தது. அந்த வேகத்தில் வானத்தில் எதுவும் சுற்றவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் சந்திர அலை உருக்குலைவதால் பிறந்த குட்டி அது. தம்பூராவின் ஒரே தந்தியில் மேல் ஸ்தாயி ஸ்வரமும் சேர்ந்து ஒலிப்பது போல.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஏற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் காற்றும், பருவமும், தண்ணீரின் உஷ்ணமும். தாளம் ஒன்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. அது யார் போடும் தாளம் என்று தனியே விசாரிக்க வேண்டும்.

ரயிலில் பிறந்த யோசனை

பிரித்த தாளங்களை மறுபடியும் கூட்டினால் வருங்காலக் கடல் மட்டம் கிடைக்கும். ஆனால் அத்தனை அலைகளை நாள்தோறும் கூட்டிக் கொண்டிருக்க எத்தனை குமாஸ்தாக்கள் வேண்டும்?

1872-ல் பிரைட்டன் நகரில் நடந்த விஞ்ஞான சங்கக் கூட்டத்துக்கு ரயிலில் சென்று கொண்டிருந்தார் தாம்ஸன். உடன் வந்த டவர் என்ற பொறியியல் வல்லுநரிடம் இதைப் பற்றிப் பேசினார். பல கப்பிகளின் மேலும் கீழுமாக ஒரே சங்கிலியை ஓட்டிப் பார்க்கலாமே என்றார் டவர். பொறி தட்டியது!

ஒவ்வொரு கப்பியும் ஒரு தாளம். பல்சக்கரங்கள் அதனதன் வேகத்தில் கப்பியை ஏற்றி இறக்கும். எல்லாக் கப்பிகளையும் தழுவி ஓடும் கம்பியின் ஒரு முனை கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் பேனா. எல்லா அசைவுகளின் கூட்டுத் தொகையைப் பேனா வரைந்துவிடும். பத்துத் தாளங்களோடு செய்த முதல் யந்திரம், ஒரு துறைமுகத்தின் ஓராண்டுக் கடல் மட்டத்தைச் சுமார் நான்கு மணி நேரத்தில் வரைந்து தள்ளியது. கோட்டைப் பிரிப்பதற்கும் ஒரு யந்திரம் செய்தார். அதன் இருதயமான உறுப்பைக் கண்டுபிடித்தவர் அவருடைய அண்ணன் ஜேம்ஸ்.

இதே வகை யந்திரங்கள் நெடுங்காலம் உழைத்தன. 1944 ஜூன் 6-ந் தேதி நேச நாட்டுப் படைகள் நார்மண்டி கடற்கரையில் இறங்கியபோது, அங்கே தண்ணீர் எந்த நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணித்துக் கொடுத்தவையும் கப்பி யந்திரங்களே.

நாகப்பட்டினத்தில் தெரிந்த அந்நியன்

இந்த ஆராய்ச்சி நம் கரையையும் தொட்டது. கல்கத்தாவுக்குச் செல்லும் ஹூக்ளி நதியில் நீர் ஏற்றம் பார்த்துத்தான் கப்பல் நுழைய முடியும். ஆகவே இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879-ல் லண்டனில் ஒரு யந்திரம் செய்யப்பட்டது. அதை வகுத்தவர், தாம்ஸனின் கமிட்டிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த எட்வர்டு ராபர்ட்ஸ். சென்னை, நாகப்பட்டினம், பாம்பன் முதலிய இடங்களில் சர்வே இலாகாவினர் மிதவைக் கருவிகளை வைத்து அளந்தார்கள்.

1881 டிசம்பர் 31-ந் தேதி நிக்கோபார் தீவுகளுக்கு அருகே பூகம்பம் உண்டாயிற்று. அதனால் எழுந்த சுனாமி அலையை நாகப்பட்டினத்துக் கருவி பதிவு செய்தது. 1883-ல் கிராகதோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் இந்தியக் கரைக் கருவிகளில் விழுந்தது. சந்திரனுக்கும் சூரியனுக்கும் உரிய பங்கைக் கழித்த பிறகு, மீதி நிற்பது யார் என்று கேட்டால் போதும். தெரிந்தவனை அடையாளம் கண்டுகொண்டவனுக்குத்தான் அந்நியன் நுழைந்தது தெரியும்.

காரணம் தெரியாத இடத்தில்

அந்நியன் கண்ணில் படாத இடத்தில்தான் மேதை சறுக்கினார்.

1862-ல் அவர் பூமியின் வயதைக் கணித்தார். ஆதியில் உருகிய பிழம்பாக இருந்த பூமி, ஆறி வருகிறது. சுரங்கத்தில் இறங்க இறங்க உஷ்ணம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்திருந்தார்கள். அந்த அளவை ஃபூரியேயின் கணக்கில் போட்டார். இரண்டு கோடி ஆண்டு முதல் 40 கோடி ஆண்டு வரை என்று விடை வந்தது. போகப் போக அதை இன்னும் குறைத்தார். 1897-ல், இரண்டு கோடிக்கும் நான்கு கோடிக்கும் நடுவே என்றார். உயிரினங்கள் படிப்படியாக மாறி வளர இவ்வளவு காலம் போதாதே என்று டார்வினின் கட்சியார் தவித்தார்கள்.

கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி, 1895-ல் குருவை மறுத்தார். பூமியின் உள்பாகம் நாம் நினைப்பதை விட நன்றாக உஷ்ணத்தைக் கடத்துமானால், வயது பன்மடங்கு கூடும் என்று காட்டினார். குரு மசியவில்லை. பின்னர், பாறைகளில் உள்ள ரேடியக் கதிர்ப் பொருள்கள் தாமே உஷ்ணத்தை உண்டாக்குவதும் தெரிய வந்தது. இன்று பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு என்று விஞ்ஞானிகள் உறுதி செய்திருக்கிறார்கள்.

கணிதத்தில் பிழை இல்லை. கடலைப் பற்றி ஆராய்ந்தபோது, தாளம் போடுகிறவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே அவருக்குத் தெரியும். அளந்து சரிபார்க்கவும் தினந்தோறும் கடல் இருந்தது. பூமியின் வயிற்றில் நடப்பது தெரியாது. தெரியாது என்பதே தெரியாமல் போயிற்று.

தோல்வி என்று சொன்ன வெற்றி வீரர்

1892-ல் அவர் பிரபுவானார். கிளாஸ்கோ சர்வகலாசாலையை ஒட்டி ஓடும் கெல்வின் என்ற சிற்றாற்றின் பெயரையே பட்டப் பெயராக ஏற்றார். பனிக்கட்டியில் விளையாடி 1860-ல் கால் முறிந்ததால், ஆயுள் முழுவதும் நொண்டி நடந்தார். முதல் மனைவி மார்கரெட் நெடுநாள் நோயாளியாக இருந்து 1870-ல் இறந்தார். அந்த ஆண்டு அவர் வாங்கிய லாலா ரூக் என்ற பாய்க்கப்பலே அதன் பிறகு அவருக்கு இரண்டாவது வீடாயிற்று. 1874-ல் மறுமணம் செய்துகொண்டார். குழந்தைகள் இல்லை.

1896-ல் அவருடைய பேராசிரியர் பதவிக்குப் பொன் விழா எடுத்தார்கள். பல நாட்டு அறிஞர்கள் கூடிப் புகழ்ந்தார்கள். எழுந்து நின்ற கெல்வின், ஐம்பத்தைந்து ஆண்டுகளாகத் தாம் செய்த ஆராய்ச்சியை ஒரே சொல்லில் கூறினால் அது தோல்விதான் என்றார். மின்சாரமும் காந்தமும் உண்மையில் என்ன என்பது முதன்முதலாகப் பாடம் சொல்லத் தொடங்கிய நாளில் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே இன்றும் தெரியும் என்பது அவர் கருத்து. சபை திகைத்தது.

1907 டிசம்பர் 17-ந் தேதி கெல்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கப்பி யந்திரங்கள் இன்று பொருட்காட்சிச் சாலைகளில் நிற்கின்றன. கூலி, டூக்கி என்ற இரு அறிஞர்கள் 1965-ல் வெளியிட்ட விரைவு முறையால், 8,760 எண்களைக் கம்ப்யூட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் தாளம் தாளமாகப் பிரித்துவிடுகிறது. தொழிற்சாலை மோட்டாரின் மேல் உணர்கருவியை ஒட்டி, அதன் நடுக்கத்தை இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மோட்டாரில், விநாடிக்கு 24 முறை அடிக்கும் தாளம் தலைதூக்கினால், தண்டு சமனாக இல்லையோ என்று சந்தேகிக்கலாம். அதே தண்டில் 20 பல் உள்ள சக்கரம் இருந்தால், பற்கள் மோதும் தாளம் விநாடிக்கு 480. மோட்டாரின் வேகமும் சக்கரத்தின் பல்லும் தெரிந்த மெக்கானிக்குக்கு அந்த எண்கள் பேசும். தெரியாதவருக்கு அவை வெறும் எண்கள்.

காகிதத்தில் பென்சில் இழுத்த கோட்டை வைத்துக்கொண்டு கெல்வின் கற்ற பாடமும் அதுதான். அந்தப் பாடத்தை அவர் கடலில் கடைப்பிடித்தார். கப்பல்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. பூமிக்கு அடியில் அதை மறந்தார். நானூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் கணக்கில் விட்டுப் போயின!